மைனஸ் பன்னிரண்டு வோல்ட்டும் மாப்பிள்ளையின் கும்பிடும்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் உடம்பளவில் சௌக்கியம். உங்கள் அத்தையும் சௌக்கியம் என்றுதான் நினைக்கிறேன். அவள் என்னோடு பேசுவதில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அங்கே நீங்களும் பாப்பாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உங்கள் முகவரி என்ன என்று கேட்டதற்கு உங்கள் அத்தை வாயைத் திறக்காமல் ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டினாள். அதில் ஆசிரியர் குடியிருப்பு என்று இருக்கிறது. யாரோ வாத்தியார் நண்பர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. இங்கே காற்றோட்டமான மாடி காலியாகக் கிடக்க, என் பெண்ணும் மாப்பிள்ளையும் அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பதை நினைத்தால் சாப்பாடு தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. நேற்று மட்டும் கொஞ்சம் இறங்கியது.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இருவரும் மாடிக்குத் திரும்பி வர வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் அந்தப் பெட்டி ஏன் வெடித்தது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மாமனார் வேண்டுமென்றே செய்தார் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடும். பாப்பா நிச்சயம் நினைப்பாள், அவளுக்கு என் புத்தி தெரியும். வேண்டுமென்று செய்திருந்தால் அது இவ்வளவு கச்சிதமாக வெடித்திருக்காது, மாப்பிள்ளை. நான் வேண்டுமென்று செய்த எந்தக் காரியமும் இதுவரை நினைத்த நேரத்தில் நடந்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியர் வேலை காலியாக இருக்கிறது, பெரிய அறையில் நிர்வாகத்தார் முன்னால் கிட்டார் வாசித்துக் காட்டினால் எடுத்துக்கொள்வார்கள் என்று பாப்பா சொன்ன நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். அன்று காலை நீங்கள் டீ குடித்துக்கொண்டே, “பெட்டி கொஞ்சம் இரையுது மாமா, பரவாயில்லை” என்றீர்கள். கிட்டாரை ஸ்பீக்கரோடு சேர்க்கும் அந்தச் சின்னப் பெட்டியைத்தான் சொன்னீர்கள். இரைகிறது என்பது என் காதில் விழுந்தது, பரவாயில்லை என்பது விழவில்லை. நீங்கள் என்னிடம் உதவி கேட்கவே இல்லை. நானாகத்தான் போய் விழுந்தேன். நீங்கள் தம்ளரைக் கீழே வைப்பதற்குள் பெட்டியின் மூடி என் கையில் இருந்தது, திருகாணிகள் உங்கள் அத்தையின் சர்க்கரை டப்பா மூடியில் இருந்தன.

உள்ளே பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மர் பாதி கருகி, பக்கத்தில் எட்டுக் கால் ஐ.சி. சில்லு ஒன்று அனாதை மாதிரி உட்கார்ந்திருந்தது. பார்ட்ஸ் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இந்த ஐ.சி.க்கு பிளஸ் பன்னிரண்டு வோல்ட்டும் வேண்டும், மைனஸ் பன்னிரண்டு வோல்ட்டும் வேண்டும் என்றார். நான் சிரித்துவிட்டேன். பஸ் பணிமனையில் எலெக்ட்ரிக்கல் ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவனிடம் வந்து மைனஸ் வேண்டும் என்கிறார் பாருங்கள். பஸ்ஸில் மைனஸ் என்றால் பாடி. பேட்டரியின் மைனஸை வண்டியின் இரும்பு உடம்பில் கட்டிவிட்டால் தீர்ந்தது கதை. இதை அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். அவர், இங்கே பாடி என்பது ஜீரோ, மைனஸ் அதற்கும் கீழே என்றார். ஜீரோவுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டேன். எனக்குப் பின்னால் வரிசையில் நிற்பவரைக் கூப்பிட்டுவிட்டார்.

பிறகு நானாகப் படித்துப் புரிந்துகொண்டேன். கிட்டார் சத்தம் மேலே போகும், கீழேயும் போகும், ஊஞ்சல் மாதிரி. ஊஞ்சலுக்கு முன்னால் எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு பின்னாலும் வேண்டும். பின்னால் சுவரை வைத்துக் கட்டினால் பாதி ஆட்டம்தான் ஆடும். அந்தப் பின்பக்கத்து இடம்தான் மைனஸ் வோல்ட்டேஜ். இதைச் சாப்பிடும்போது உங்கள் எல்லோருக்கும் விளக்கினேனே, ஞாபகம் இருக்கும். மைனஸ் என்றால் ஒன்றும் இல்லாதது என்று அர்த்தமில்லை, அதுவும் அசல் வோல்ட்டேஜ்தான், கை வைத்தால் தெரியும். நாம் எந்த இடத்தை ஜீரோ என்று வைத்துக்கொள்கிறோமோ அதற்குக் கீழே இருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். உங்கள் அத்தை கரண்டியைக் கீழே வைக்காமலே ஒன்று சொன்னாள்.

“நீங்க நிக்கிற இடத்தையே ஜீரோன்னு வெச்சுக்கிட்டா, மத்தவங்க எல்லாரும் மைனஸாத்தான் தெரிவாங்க.”

நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பாப்பா என்னைப் பார்த்தாள். நானோ, பரவாயில்லையே, படிக்காமலே பிடித்துக்கொண்டாளே என்று உங்கள் அத்தையைப் பாராட்டினேன். அவள் எலெக்ட்ரானிக்ஸ் பேசவில்லை என்பது இப்போது, மாடி காலியான பிறகு, உறைக்கிறது. வீட்டுக்கு யாராவது வந்து மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டால், வேலை தேடிக்கொண்டிருக்கிறார் என்றுதான் சொல்லியிருக்கிறேன். சாயங்காலமானால் தெருப் பிள்ளைகள் எல்லாம் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே அப்படிச் சொல்லியிருக்கிறேன். அது வேலையாக எனக்குத் தோன்றவில்லை. கையில் கிரீஸ் படாதது எதுவும் வேலை இல்லை என்றே வளர்ந்துவிட்டேன். நீங்கள் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், நானும் நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். முதலில் எனக்குத் தெரிந்த வழியில் போனேன். பஸ் பேட்டரி இரண்டை எடுத்து ஒன்றின் மைனஸையும் இன்னொன்றின் பிளஸ்ஸையும் சேர்த்துக் கட்டினேன். சேர்ந்த இடம் ஜீரோ. ஒரு முனை பிளஸ், மறு முனை மைனஸ். அற்புதமாக வேலை செய்தது. ஒரு சின்னக் குறை, அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், கீழே சக்கரம் வைத்த பலகையும் வேண்டும். பாப்பா வந்து பார்த்துவிட்டு, “அப்பா, அவர் கிட்டார் வாசிக்கப் போறாரா, பஸ் ஓட்டப் போறாரா?” என்று கேட்டாள். பேட்டரியை நகர்த்தும்போது ஆசிட் சிந்தி உங்கள் அத்தையின் தரைவிரிப்பில் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டையின் மேல் நாற்காலியைப் போட்டு மறைத்தேன். இந்தக் கடிதம் அவள் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து ஒரே பேட்டரியை வைத்து, ரெசிஸ்டர் இரண்டைப் போட்டு நடுவில் ஜீரோ செய்து பார்த்தேன். கிட்டார் சும்மா இருக்கும்வரை ஜீரோ ஜீரோவாக இருந்தது. நீங்கள் வாசிக்க ஆரம்பித்ததும் அது நகர்ந்துவிட்டது. பலமாக வாசித்தால் பலமாக நகர்ந்தது. ஜீரோவே இடம் மாறினால் மனிதன் எதை நம்புவது? நீங்கள் வாசித்த மென்மையான பாட்டு, தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டியது போல வெளியே வந்தது. நீங்கள் பரவாயில்லை மாமா என்றீர்கள்.

பிறகு பார்ட்ஸ் கடைக்காரர், என்னைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும் என்ற எண்ணத்திலோ என்னவோ, பிளஸ்ஸை மைனஸாக மாற்றும் ஐ.சி. ஒன்றைக் கொடுத்தார். அது செய்கிற வேலையைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு சின்னக் கெப்பாசிட்டரில் கரண்டை நிரப்பும், அதை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து இன்னொரு கெப்பாசிட்டரில் கொட்டும், மறுபடி நிரப்பும், மறுபடி கவிழ்க்கும், ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை. மீட்டரை வைத்துப் பார்த்தேன், எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி வந்து நின்றது. பணிமனையில் அந்தக் குறி வந்தால் ஒயரை மாற்றிப் பிடித்திருக்கிறாய் என்று திட்டு விழும். ஆயுசில் முதல் தடவையாக அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். உங்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். “நல்லா இருக்கு மாமா, பின்னாடி ஒரு விசில் மட்டும் வருது, பரவாயில்லை” என்றீர்கள். எனக்கு விசில் எதுவும் கேட்கவில்லை. டீசல் எஞ்சின் பக்கத்திலேயே வாழ்ந்த காது இது. உங்கள் அத்தை அடுப்பங்கரையிலிருந்து, குக்கர் இங்கே வைக்கவே இல்லையே, எங்கே விசில் அடிக்கிறது என்று கேட்டாள். அதுவும் போயிற்று.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பழைய டிரான்ஸ்ஃபார்மரையே திரும்ப மாட்டிக் கொடுத்துவிடுங்கள், இரைச்சல் பழகிவிட்டது என்று நீங்கள்கூடச் சொன்னீர்கள். நான் விடவில்லை. ஏன் விடவில்லை என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். உங்களுக்கு வேலை கிடைத்தால் அதில் என் கையும் இருக்க வேண்டும் என்ற ஆசை, மாப்பிள்ளை. பள்ளிக்கூடம் நம் தெருக்கோடியில்தான் இருக்கிறது. காலையில் நீங்கள் போவதையும் சாயங்காலம் திரும்பி வருவதையும் வாசலில் நின்று பார்க்கலாம், யாராவது கேட்டால் வாத்தியார் போகிறார் என்று சொல்லலாம், அவர் வாசிக்கிற பெட்டி நான் செய்தது என்றும் சேர்த்துச் சொல்லலாம். இப்படியெல்லாம் மனக்கணக்குப் போட்டேன்.

கடைசியில் முறையான வழிக்கு வந்தேன். வெளியே மூன்று ஒயர் வரும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். நடு ஒயர் ஜீரோ. டையோடு போட்டால் ஒரு பக்கம் பிளஸ், ஒரு பக்கம் மைனஸ், பேட்டரியும் வேண்டாம் விசிலும் வேண்டாம். வோல்ட்டேஜை நிலையாக வைத்துக்கொள்ள இந்தப் பக்கத்துக்கு ஒரு மூன்று கால் ஐ.சி., அந்தப் பக்கத்துக்கு ஒன்று. இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள், ஆனால் கால்களின் வரிசை வேறு. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மைனஸ் பக்கத்துப் பிள்ளை என் கட்டைவிரலைச் சுட்டுத்தான் சொல்லிக்கொடுத்தது. அதையும் திருத்திப் போட்டேன். மிச்சம் இருந்தவை இரைச்சலை வடிகட்டும் பெரிய கெப்பாசிட்டர்கள், ஆளுக்கொன்று. அவற்றையும் போட்டு முடித்து, ஒரு நொடி சுவிட்சைத் தட்டிப் பார்த்தேன், விளக்கு எரிந்தது. அதற்குள் உங்களுக்கு நேரமாகிவிட்டது என்று பாப்பா கத்தினாள். மூடியைத் திருகிக்கொண்டே பின்னால் ஓடிவந்தேன்.

அந்த அறை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். முன்வரிசை நாற்காலிகளில் நிர்வாகத்தார், நடுவில் தலைமை ஆசிரியை. நீங்கள் இஸ்திரி போட்ட சட்டையில் மேடையில் நிற்கிறீர்கள். நான் மேடை ஓரத்தில் பெட்டியைச் சொருகிவிட்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்று கொஞ்சம் முன்னால் வந்தே சுவிட்சைப் போட்டேன். துளி இரைச்சல் இல்லை. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தீர்கள். நீங்கள் என்னைப் பார்த்து அப்படித் தலையசைத்தது அதுதான் முதல் தடவை. தந்தியை மீட்டி சுருதி சேர்க்கத் தொடங்கினீர்கள். பெட்டிக்குள் ஏதோ சீறுவது போலிருந்தது. பிறகு டப்பென்று ஒரு சத்தம், ஸ்பீக்கர் எருமை மாதிரி ஒரு முறை கனைத்தது, பெட்டியின் ஓட்டைகள் வழியாக வெள்ளை வெள்ளையாகக் காகிதத் துணுக்குகள் பறந்தன, அழுகிய மீன் நாற்றம் அறை முழுக்கப் பரவியது. துணுக்குகள் நிதானமாக வந்து தலைமை ஆசிரியையின் தலையில் இறங்கின. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் என்ன செய்தேன் என்று உங்களுக்கே தெரியும். ஒயரைப் பிடுங்கி, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பக்கத்துக் கதவு வழியாக ஓடிவிட்டேன். உங்களை அந்த மேடையில் தனியாக விட்டுவிட்டு ஓடினேன். வெடித்ததைக்கூட மன்னித்துவிடுவீர்கள், ஓடியதை எப்படி மன்னிப்பீர்கள்?

வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றியதும் காரணம் தெரிந்துவிட்டது. கெப்பாசிட்டருக்குப் பிளஸ் கால், மைனஸ் கால் என்று உண்டு. மாற்றிப் போட்டால் வெடிக்கும். நான் இரண்டிலும் மைனஸ் காலைப் பாடிக்குக் கொடுத்திருக்கிறேன். பிளஸ் பக்கத்தில் அது சரி. மைனஸ் பக்கத்தில் பாடிதான் மேலே, வோல்ட்டேஜ் கீழே. ஆகவே பிளஸ் காலைத்தான் பாடிக்குக் கொடுக்க வேண்டும். எனக்கு இது தெரியாதா? உங்கள் எல்லோருக்கும் விளக்கியதே நான்தானே. ஆனால் கைக்குத் தெரியவில்லை. மைனஸ் என்றால் பாடி என்று பழகிய கை, என்னைக் கேட்காமலே பற்றவைத்துவிட்டது.

அப்போது உங்கள் அத்தை வந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். எல்லாம் உன் வாய் முகூர்த்தம்தான், மைனஸ் மைனஸ் என்று சாப்பிடும்போது நீ சொன்னாயே என்று எரிந்து விழுந்தேன். அன்று மூடிய வாயை அவள் இன்னும் திறக்கவில்லை. நான் பின்பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சாப்பாடு மட்டும் அறை வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. மாடியில் சாமான்கள் இழுபடும் சத்தம் கேட்டது. வெளியே வந்து ஒரு வார்த்தை கேட்க எனக்கு முகம் இல்லை.

நீங்கள் கிளம்பிய காலையில் பாப்பா வந்து கதவைத் தட்டினாள். நான் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, வானொலியைச் சத்தமாக வைத்து, தலையைக் குனிந்து ஏதோ வேலையாக இருப்பது போல உட்கார்ந்திருந்தேன். கதவுக் கண்ணாடி வழியாக அவள் வாய் அசைவது தெரிந்தது. நெடுநேரம் அசைந்தது. அவ்வளவு திட்டையும் வாங்குகிற தெம்பு என்னிடம் இல்லை, அதனால் ஹெட்போனைக் கழற்றவில்லை. அவளுக்குப் பின்னால் நீங்கள் வந்தீர்கள். இரண்டு கையையும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டீர்கள். போதும் சாமி, உமக்கும் உம் உதவிக்கும் ஒரு கும்பிடு என்று நீங்கள் வாயால் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது. நீங்கள் நகர்ந்த பிறகு ஹெட்போனைக் கழற்றினேன், தெருவாசலில் வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மாப்பிள்ளை, என்னை மன்னித்துவிடுங்கள். அந்த வேலை போனது என்னால்தான். நான் நேராகத் தலைமை ஆசிரியையிடம் போய், பெட்டி என்னுடையது, புத்திகெட்ட கை என்னுடையது, என் மாப்பிள்ளையின் கையில் பழுதே இல்லை, இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள் என்று சொல்லத் தயாராக இருக்கிறேன். பற்றவைக்கிற சால்டரிங் அயனை உங்கள் அத்தையின் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். மாடியைப் பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். சாயங்காலத்தில் பிள்ளைகள் வந்து படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நீங்கள் வந்து எத்தனை நாள் வேண்டுமானாலும் என்னோடு பேசாமல் இருங்கள், எனக்குப் பழகிவிட்டது. மாடியில் இருந்துகொண்டு பேசாமல் இருங்கள், அது போதும்.

இருவரும் நோய்நொடி இல்லாமல், மனசில் என்மேல் இருக்கும் பாரமும் நாளடைவில் குறைந்து, சீரும் சிறப்புமாக இருக்க வேண்டும். பாப்பாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மீது மரியாதை உள்ள (இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்)
மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை என் கையிலிருந்து வாங்கிப் படித்துவிட்டாள். தரைவிரிப்பு இடத்தில் ஒரு முறை முறைத்தாள். கும்பிடு இடத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இத்தனை நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

“ஏங்க, அவங்க கோவிச்சுக்கிட்டா போனாங்க? அவருக்கு வேலை கிடைச்சிடுச்சு. இங்க இல்லை, அந்த நிர்வாகத்தோட இன்னொரு பள்ளிக்கூடம் வெளியூர்ல இருக்காம், உடனே வந்து சேரச் சொல்லிட்டாங்க. வீடும் அவங்களே குடுத்திருக்காங்க. பாப்பா கதவுக்கு வெளியில நின்னு உங்ககிட்ட அவ்வளவும் சொன்னாளே?”

நான் ஓடிய பிறகு நீங்கள் மேடையை விட்டு இறங்கிப் போய், பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, பெட்டியும் இல்லாமல் ஸ்பீக்கரும் இல்லாமல் வாசித்தீர்களாம். பிள்ளைகள் எல்லோரும் கூடவே பாடினார்களாம். காகிதத் துணுக்கைத் தலையில் வைத்துக்கொண்டே தலைமை ஆசிரியையும் சேர்ந்து பாடினாராம். பெட்டி வெடித்திருக்காவிட்டால் கீழே இறங்கியிருக்கவே மாட்டேன் என்று வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னீர்களாம். கும்பிட்டது நிஜமாகவே கும்பிட்டதுதானாம்.

ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். வேலை கிடைத்ததற்கு வாழ்த்துகள், மாப்பிள்ளை. மனசாரச் சொல்கிறேன். ஆனால் ஒன்று. நீங்கள் கோபமாகப் போனீர்கள் என்று நினைத்தவரைக்கும் எனக்கு ஒரு வழி இருந்தது. நான் மன்னிப்புக் கேட்பேன், நீங்கள் கொஞ்ச நாள் முறுக்கிக்கொள்வீர்கள், அப்புறம் பாப்பா துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவாள். இப்போது நீங்கள் சந்தோஷமாக அல்லவா போயிருக்கிறீர்கள். நான் என்ன சொல்லி உங்களைத் திரும்பக் கூப்பிடுவேன்?